ஆண்டவர் வீட்டுக்கு எத்தனை கார்?

அமெரிக்காவில் ஒரு சபையார் நிலம் பார்த்து, கிரயம் பேசி, தேவாலயம் எழுப்பலாம் என்று முடிவெடுத்தால் அவர்கள் போய் நிற்கவேண்டிய முதல் வாசல் நகராட்சியின் திட்டமிடல் அலுவலகம். அங்கே கொடுக்கும் கோப்பில் ஆண்டவரைப் பற்றி ஒரு வரியும் இராது. நில அளவைப் படம், மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்ற கணக்கு, கட்டடத்தின் உயரம், நாலு பக்கமும் விடும் இடைவெளி, விளக்குக் கம்பத்தின் வெளிச்சம் எல்லைக்கோட்டைத் தாண்டுமா, எந்தெந்த மரம் போகும், எத்தனை கார் நிற்கும், ஆராதனை முடிந்து அத்தனை காரும் ஒரே நேரத்தில் சாலையில் இறங்கினால் சிக்னலில் எவ்வளவு நேரம் தேங்கும் என்பவைதான் அதில் இருக்கும்.

கோப்பைப் பார்த்து அலுவலர் குறிப்பு எழுதுவார். மனையைச் சுற்றி இத்தனை அடிக்குள் வீடு வைத்திருப்பவர்களுக்குக் கடிதம் போகும். மனையின் முகப்பில் அறிவிப்புப் பலகை நடுவார்கள். ஒரு மாலை திட்டக்குழு கூடும். பேச வருகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் என்பது பல ஊர்களில் வழக்கம். அந்த மூன்று நிமிடத்தில் எழுந்து நின்று “எங்களுக்கு இந்த மதத்தார் வேண்டாம்” என்று சொல்கிறவர் அபூர்வம். “எங்கள் தெரு குறுகல், குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், ஏற்கெனவே மழைக்குத் தண்ணீர் நிற்கிறது” என்றுதான் பேசுவார்கள். இது முழு உண்மையாகவும் இருக்கலாம், சொல்ல வெட்கப்படுகிற வேறொன்றின் மேல் போர்த்திய துணியாகவும் இருக்கலாம். பேசுகிறவருக்கே எது என்று தெரியாமலும் இருக்கலாம். திட்டக்குழுவின் கேள்விகளில் எவை நிலத்தைப் பற்றியவை, எவை நிலத்துக்கு வரப்போகும் ஆட்களைப் பற்றியவை? எழுபது, எண்பது வருடமாக அமெரிக்க நீதிமன்றங்கள் இதைப் பிரித்தறியப் பார்க்கின்றன. வழக்குகளை ஒவ்வொன்றாகப் படித்துப்பார்த்தால், பேசியவர்களின் மனத்தைத் தோண்டுவதைவிட எளிதான ஓர் அடையாளம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. விதி எப்போது எழுதப்பட்டது என்று பார்த்தால் போதும்: மனு வருவதற்கு முன்பா, வந்த பிறகா?

நகரத்தை மண்டலங்களாகப் பிரிக்கும் ஏற்பாடு அங்கே அப்படியொன்றும் பழையது அல்ல. நகரம் முழுவதற்குமான முதல் விரிவான மண்டலச் சட்டத்தை நியூயார்க் 1916-இல் போட்டது. கிளீவ்லாந்தை ஒட்டிய யூக்ளிட் என்ற சிற்றூர் வீட்டுப் பகுதி, கடைப் பகுதி, ஆலைப் பகுதி என்று நிலத்தைக் கூறு போட்டது செல்லும் என்று 1926-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தக் காலத்தில் தேவாலயம் ஒரு பிரச்சினையாகவே யாருக்கும் படவில்லை. குடியிருப்புகளுக்கு நடுவில்தானே அது இருக்கும்! சனங்கள் நடந்து வந்தார்கள். மணி அடித்தால் யாரும் புகார் எழுதவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகரும் காரும் வந்து இதைக் குலைத்தன. பல மைல் சுற்றளவிலிருந்து சபைக்கு ஆள் வரத் தொடங்கியது. தெருமுனையில் நின்ற தேவாலயம் ஏக்கர்கணக்கில் இடம் கேட்டது. புறநகர்கள் அதைத் தானாக அனுமதி கிடைக்கும் பட்டியலிலிருந்து எடுத்து, ‘நிபந்தனை அனுமதி’ என்ற பட்டியலில் வைத்தன. நிபந்தனை அனுமதி என்றால், விதிகளுக்கு எல்லாம் பொருந்தினாலும் குழு மனது வைக்கவேண்டும். “சுற்றுப்புறத்தின் இயல்புக்கு ஒத்ததா”, “பொதுநலனுக்கு உகந்ததா” போன்ற அளவுகோல்களை எந்தப் பக்கமும் வளைக்கலாம்.

மாநிலங்கள் ஆளுக்கொரு திசையில் போயின. கலிஃபோர்னியாவின் போர்ட்டர்வில் நகரம் தனி வீடுகளுக்கான மண்டலத்தில் தேவாலயமே கூடாது என்று வைத்திருந்தது. மார்மன் சபை வழக்குப் போட்டது. 1949-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. ஏழு வருடம் கழித்து, நாட்டின் மறுகோடியில், ரோச்செஸ்டர் மறைமாவட்டம் பிரைட்டன் என்ற ஊரில் கத்தோலிக்க தேவாலயமும் பள்ளியும் கட்டக் கேட்டு மறுக்கப்பட்டபோது, நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் ஊரின் காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளியது. போக்குவரத்து கூடும், வீட்டு விலை இறங்கும், வரி வருமானம் போகும் என்பவை வழிபாட்டு இடத்தை மறுக்கப் போதாது என்றது.

வரி என்பது இந்த விவகாரத்தில் வாய்விட்டுப் பேசப்படாத பெரிய விஷயம். வழிபாட்டு இடங்களுக்கு அமெரிக்காவில் சொத்து வரி கிடையாது. அந்த விலக்கு செல்லும் என்று 1970-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. அங்கே ஊராட்சியும் பள்ளிக்கூடமும் சொத்து வரியை நம்பித்தான் பெருமளவு ஓடுகின்றன. பத்து ஏக்கர் தேவாலயத்துக்குப் போனால் பத்து ஏக்கர் கணக்கிலிருந்து போயிற்று. வரி இழப்பைக் காரணமாக எழுதினால் நீதிமன்றத்தில் நிற்காது என்பது குழுவுக்குத் தெரியும். ஆகவே பார்க்கிங் என்று எழுதுவார்கள்.

பார்க்கிங்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், மொத்த விவகாரமும் அதில் அடங்கியிருக்கிறது. பல ஊர்களின் விதி: மூன்று இருக்கைக்கு ஒரு கார், அல்லது நான்குக்கு ஒன்று. கைப்பிடி வைத்துப் பிரிக்காத நீள பெஞ்சாக இருந்தால் ஆளுக்கு 18 அங்குலம் என்று கட்டட விதித் தொகுப்பு எண்ணுகிறது. 12 அடி பெஞ்சில் எட்டுப் பேர். முந்நூறு இருக்கை வைத்த தேவாலயத்துக்கு நூறு கார். ஒரு கார் நிற்பதற்கும் திரும்புவதற்குமாகச் சராசரியாக 330 சதுர அடி என்று வைத்தால் முக்கால் ஏக்கர் தார்த்தளம், நம் கணக்கில் கிட்டத்தட்ட 14 கிரவுண்டு. தார்த்தளத்தில் மழைநீர் இறங்காது, அதனால் அதைத் தேக்கிவைத்து மெல்ல விட ஒரு குட்டை வெட்டவேண்டும். அந்தக் குட்டைக்கு இன்னும் நிலம். வாரத்தில் ஒரு காலைப் பொழுது நிறைந்து மற்ற நேரமெல்லாம் காலியாகக் கிடக்கும் தார்ப்பரப்புக்கு இவ்வளவும். ஆண்டவர் வீட்டைவிட அவர் விருந்தாளிகளின் கார் கொட்டகை பெரிது. பார்க்கிங் விதிகளின் செலவைப் பற்றி டொனால்டு ஷூப் 2005-இல் பெரிய புத்தகமே எழுதினார். இந்த விகிதங்களுக்கு உருப்படியான அடிப்படை இல்லை என்பது அவர் வாதம். அடிப்படை உண்டோ இல்லையோ, எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும்வரை விகிதம் விகிதம்தான்.

நியூ ஜெர்சியின் பெர்னார்ட்ஸ் ஊரில் அந்த ‘எல்லோருக்கும் ஒன்று’தான் உடைந்தது. அங்கே பாஸ்கிங் ரிட்ஜ் இஸ்லாமியச் சங்கம் 4.3 ஏக்கர் வாங்கி 2012-இல் சின்னதாக ஒரு பள்ளிவாசலுக்கு மனுக் கொடுத்தது. வழிபாட்டு இடம் அந்த மண்டலத்தில் அப்போது அனுமதிக்கப்பட்டதுதான். விதிப்படி மூன்று பேருக்கு ஒரு கார். 150 பேருக்கு 50 கார். வரைபடத்தில் 50 இடம் காட்டியிருந்தார்கள். திட்டக்குழு 107 வேண்டும் என்றது. வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கு ஆட்கள் வேலையிடத்திலிருந்து தனித்தனிக் காரில் வருவார்கள், கிறிஸ்தவக் குடும்பம்போல ஒரே காரில் வரமாட்டார்கள் என்பது ஆட்சேபித்தவர்கள் வைத்த வாதம். கேட்கும்போது நியாயம்போலவே இருக்கும். ஆனால் அதே ஊரில் எந்தத் தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் இரவையும் யாரும் இப்படித் தனியாக எண்ணவில்லை. கார் கூடினால் தார் கூடும், தார் கூடினால் வடிகால் திட்டம் மாறும், வடிகால் மாறினால் எல்லையோர மரவேலிக்கு இடம் போதாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் இன்னொரு கூட்டம். நான்கு வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில் 39 கருத்துக்கேட்புக் கூட்டங்கள்! இடையில் ஊர் தன் சட்டத்தையே திருத்தி, வழிபாட்டு இடத்துக்குக் குறைந்தது ஆறு ஏக்கர் வேண்டும் என்று எழுதிக்கொண்டது. 2015 டிசம்பரில் மனு தள்ளுபடி.

சங்கம் வழக்குப் போட்டது. மத்திய அரசின் நீதித்துறையும் தனியாக ஒரு வழக்குப் போட்டது. 2016-இன் கடைசி நாளில் நீதிபதி மைக்கேல் ஷிப், தேவாலயத்துக்கு ஒரு விகிதம் பள்ளிவாசலுக்கு வேறு விகிதம் என்பது பாகுபாடு என்று தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு 32.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. நாடு முழுதும் பார்த்தாலும் பெர்னார்ட்ஸ் விதிவிலக்கு அல்ல. வழிபாட்டு இட அனுமதி தொடர்பாக நீதித்துறை எடுத்த விசாரணைகளில் 2010 வரை பள்ளிவாசல், இஸ்லாமியப் பள்ளி சம்பந்தப்பட்டவை 15 சதவீதம். அதன்பின் 2016 வரை 38 சதவீதம். அந்த நாட்டு மக்கள்தொகையில் முஸ்லிம்கள் நூற்றில் ஒருவர் அளவுதான்.

நம் ஊரில் இதே கோப்பு வேறு மேசைக்குப் போகிறது. 1997-ஆம் வருடத்து ஊராட்சிக் கட்டட விதிகள் வழிபாட்டுக் கட்டடம் என்றால் கலெக்டரின் முன் அனுமதி வேண்டும் என்றன. காவல்துறையிடமும் வருவாய்த்துறையிடமும் அறிக்கை கேட்பார்கள். ‘சட்டம் ஒழுங்கு’ என்ற இரண்டு சொல்லில் அனேகமாகக் காரியம் முடிந்துவிடும். அமெரிக்கத் திட்டக்குழு அப்படி எழுத முடியாது. அது பார்க்கிங் அட்டவணையை நீட்டுகிறது.

நீட்டினால் தட்டிக்கேட்க ஒரு சட்டம் அங்கே உண்டு. அது வந்த வழி ஒரு தேவாலய வழியாகத்தான். டெக்சஸில் சான் அன்டோனியோவுக்கு வடமேற்கே போர்னி என்ற சிறு நகரம். அங்கே ஒரு குன்றின் மேல் 1923-இல் கட்டிய புனித பேதுரு தேவாலயம், ஸ்பானிய மிஷன் பாணியில். சுமார் 230 பேர் உட்காரலாம். பங்கு மக்கள் பெருகி, சில ஞாயிறு திருப்பலிகளில் நாற்பது அறுபது பேருக்கு இடமில்லாமல் போயிற்று. பேராயர் ஃபுளோரஸ் விரிவாக்க அனுமதி கொடுத்தார். பங்கு வரைபடம் போட்டது. நகரமோ அந்தப் பகுதியை வரலாற்று வட்டாரமாக அறிவித்து, இடிக்கக் கூடாது என்று அனுமதி மறுத்தது. 1993-இல் கிளிண்டன் கையெழுத்திட்ட மதச் சுதந்திர மீட்புச் சட்டத்தைக் காட்டிப் பேராயர் வழக்குப் போட்டார். 1997 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்றாக, மாநில, நகர அரசுகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது, காங்கிரஸ் தன் அதிகாரத்தை மீறிவிட்டது என்று சொல்லிவிட்டது. பேராயர் தோற்றார். ஆனால் குன்றின் மேல் கதை வேறு. பழைய கட்டடத்தின் பெரும்பகுதியை அப்படியே வைத்துப் பின்பக்கம் பெரிய ஆராதனைக் கூடம் சேர்த்துக்கொள்ளலாம் என்று நகரமும் மறைமாவட்டமும் பேசி முடித்தன. வாஷிங்டன்வரை போய் அரசியல் சட்டத்தையே உலுக்கிய வழக்கின் முடிவை ஒரு கட்டடக் கலைஞர் முதல் மாதமே வரைந்து கொடுத்திருக்கலாமோ என்று தோன்றாமல் இல்லை.

விட்டதைப் பிடிக்க காங்கிரஸ் 2000-இல் குறுகலாக வேறொரு சட்டம் கொண்டுவந்தது: மத நிலப் பயன்பாடு, சிறைவாசிகள் உரிமை என்ற இரண்டு மட்டும். குடியரசுக் கட்சியின் ஓரின் ஹாட்சும் ஜனநாயகக் கட்சியின் எட்வர்டு கென்னடியும் சேர்ந்து கொண்டுவந்த மசோதா. இரு அவையிலும் எதிர்ப்பின்றி நிறைவேறியது. நிலத்தைப் பொறுத்தவரை அது சொல்வது: வழிபாட்டின் மேல் கணிசமான சுமை ஏற்றினால், தவிர்க்கமுடியாத பொதுநலக் காரணமும் அதற்கு மிகக் குறைந்த கட்டுப்பாடும்தான் என்று நகரம் காட்டவேண்டும், மதம் சாராத கூட்ட இடங்களுக்குக் கொடுப்பதை மத இடத்துக்கும் கொடுக்கவேண்டும், மதத்துக்கு மதம் வித்தியாசம் கூடாது, ஊரில் எங்குமே இடமில்லை என்று ஒட்டுமொத்தமாக ஒதுக்கக் கூடாது. தோற்ற நகரம் எதிர்த்தரப்பு வக்கீல் கட்டணத்தையும் கொடுக்க நேரிடலாம். இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நகராட்சி வழக்குரைஞர்கள் முதலில் படிக்கிறார்கள்.

கணிசமான சுமை என்றால் எவ்வளவு? சிகாகோவில் சின்னச்சின்ன சபைகள் கூடி, கடைத்தெருவில் இடம் பிடிக்க ஒவ்வொரு முறையும் சிறப்பு அனுமதிக்கு அலைகிறோம் என்று போட்ட வழக்கில் 2003-இல் மத்திய மேல்முறையீட்டு மன்றங்களில் ஒன்றான ஏழாவது வட்ட நீதிமன்றம் கை விரித்துவிட்டது. பெருநகரத்தில் இடம் கிடைப்பது எல்லோருக்கும்தான் கஷ்டம், வழிபாடு நடைமுறையில் இயலாமல் போனால்தான் சுமை என்றது. இரண்டே வருடத்தில் அதே நீதிமன்றம் வேறு குரலில் பேசியது. விஸ்கான்சினில் நியூ பெர்லின் நகரில் ஒரு கிரேக்க மரபுவழிச் சபை 40 ஏக்கர் வாங்கி, அதில் 14 ஏக்கரில் தேவாலயம் கட்ட வகைப்பாட்டை மாற்றித் தரச் சொன்னது. நகரத்தின் பயம் விநோதமானது: சபையால் பணம் திரட்ட முடியாமல் நிலத்தை விற்றுவிட்டால், வாங்கியவர் அந்த வகைப்பாட்டைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடமோ வேறெதுவோ கட்டிவிட்டால்? சரி, தேவாலயம் தவிர வேறெதுவும் கூடாது என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று சபையே இறங்கி வந்தது. அப்போதும் நகரம் இல்லை என்றது. நீதிபதி ரிச்சர்டு போஸ்னர் பொறுமையிழந்தார். வேறு நிலம் தேடு, அல்லது திரும்பத் திரும்ப மனுப் போடு என்று அலைக்கழிப்பதன் தாமதமும் செலவும் நிச்சயமின்மையுமே சுமைதான் என்றார். அளவுகோல் இல்லாத அதிகாரம் கையில் இருக்கும்போது, ஊருக்கு அதிகம் பழக்கமில்லாத சிறு மதத்தார்மேல் பாரபட்சம் கண்ணுக்குத் தெரியாமல் நுழையும் என்பது அவர் கவலை. இந்தத் துறையில் நான் படித்த தீர்ப்புகளில் விஷயத்தின் வேர்வரை போனது அதுதான்.

அலைக்கழிப்பு எப்படி இருக்கும் என்பதற்குக் கலிஃபோர்னியாவின் யூபா சிட்டி. நூறு வருடத்துக்கு மேலாகப் பஞ்சாபி விவசாயிகள் வேர்விட்ட வட்டாரம். ஒரு சீக்கிய சங்கம் 75 பேருக்கு ஒரு சிறு குருத்வாரா வேண்டும் என்று குடியிருப்புப் பகுதியில் 1.89 ஏக்கர் வாங்கியது. சத்தம், போக்குவரத்து என்று மறுத்தார்கள். சரி, வீடுகளே இல்லாத இடமாகப் போவோம் என்று 28.79 ஏக்கர் விவசாய நிலம் வாங்கினார்கள். சுற்றிலும் 25 அடி காலியாக விடுகிறோம், நிகழ்ச்சிகளை உள்ளேயே வைத்துக்கொள்கிறோம், கார் விளக்கு பக்கத்து வீட்டில் அடிக்காமல் பார்த்துக்கொள்கிறோம் என்று எல்லா நிபந்தனைக்கும் தலையாட்டினார்கள். திட்டக்குழு நாலுக்கு மூன்றாக ஒப்புக்கொண்டது. மேலே இருந்த சட்டர் மாவட்ட வாரியம் ஒருமனதாக மறுத்தது. இப்போது காரணம், ஊருக்கு வெளியே தாண்டிக் குதிக்கும் கட்டுமானம் விவசாயத்துக்குக் கேடு! ஊருக்குள் இருந்தால் தொந்தரவு, ஊருக்கு வெளியே இருந்தால் தாவல். 2006-இல் ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இந்த இரண்டு காரணங்களையும் சேர்த்துப் பிடித்தால் மாவட்டத்தில் எந்த மனையும் மிஞ்சாது என்பதுதான் அதன் சாரம்.

மதம் குறித்த பயத்தைவிடப் பணக்கணக்கே பெரிதாக நின்ற வழக்குகளும் உண்டு. ஆரஞ்சு கவுண்டியில் சைப்ரஸ் என்ற ஊரில் காட்டன்வுட் கிறிஸ்தவ மையம் நாலாயிரத்துச் சொச்சம் இருக்கையுள்ள தேவாலயத்துக்காக 18 ஏக்கர் சேர்த்து வாங்கியது. நகரம் அந்த நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்திக் காஸ்ட்கோ கடைக்குக் கொடுக்கப் பார்த்தது. கடை விற்பனை வரி கட்டும், தேவாலயம் எதுவும் கட்டாது. 2002-இல் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு அருகிலேயே பெரிய நிலத்தை மாற்றிக்கொண்டு இரு தரப்பும் ஒதுங்கின. அரிசோனாவின் யூமாவில் ஒரு சபை பழைய ஜேசி பென்னி கடைக் கட்டடத்தை வாங்கியபோது வந்த தடை இன்னும் சுவாரசியமானது. தேவாலயத்திலிருந்து 300 அடிக்குள் மது உரிமம் கிடையாது என்பது மாநிலச் சட்டம். அந்தத் தெருவைத்தான் நகரம் மதுக்கூடங்களும் கேளிக்கையுமாக வளர்க்க நினைத்தது. டாஸ்மாக் கடைக்கும் கோயிலுக்கும் இடையே நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் என்று அளக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கல் சொல்லாமலே புரியும். இங்கே கோயில் முன்பே இருக்கும், கடைக்கு இடம் தேடுவார்கள். யூமாவில் வரப்போகும் கடைகளுக்காகக் கோயிலை விரட்டினார்கள். சங்கங்களுக்கும் கிளப்புகளுக்கும் அதே தெருவில் தானாக அனுமதி உண்டு என்பது நகரத்தின் சட்டத்திலேயே இருந்தது. அதனால் மதம் சாராத இடத்துக்குக் கொடுப்பதை மத இடத்துக்கும் கொடுக்கவேண்டும் என்ற விதியை நகரம் மீறியது என்று 2011-இல் தீர்ப்பு வந்தது. அதற்குள் கட்டடம் சபையின் கையை விட்டுப் போயிருந்தது. இந்த வழக்குகளில் வெற்றி பெரும்பாலும் இப்படித்தான் பிந்தி வருகிறது.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் ஊர்க்காரர்கள் எல்லாம் வில்லன்கள், மனுதாரர்கள் எல்லாம் ஏழை பக்தர்கள் என்று தோன்றும். உயர விவகாரத்துக்கு வந்தால் அது கலைந்துவிடும். மார்மன் சபை தன் பெருங்கோயில்களுக்கு ஊசிக்கோபுரம் வைக்கும். பாஸ்டனுக்குப் பக்கத்தில் பெல்மான்ட்டில் 83 அடிக் கோபுரத்துக்கு அக்கம்பக்கத்தார் தடை வாங்கியதால், 2000 அக்டோபரில் கோயிலைக் கோபுரமில்லாமலே அர்ப்பணித்தார்கள். மாசசூசெட்ஸில் 1950-லிருந்தே வழிபாட்டு, கல்விக் கட்டடங்களுக்கு மண்டலச் சட்டத்திலிருந்து பெருமளவு விலக்குண்டு. கோபுரம் அந்த மதத்துக்கு அவசியமில்லை என்று கீழ் நீதிமன்றம் சொன்னதை மாநில உச்ச நீதிமன்றம் 2001-இல் ரத்து செய்தது: எது சமயத்துக்கு அவசியம் என்று பார்ப்பது நீதிபதியின் வேலை அல்ல. கோபுரம் ஏறியது. கோபுரம் கோயிலுக்கு அவசியமா என்று நம்மைக் கேட்டால் நாமும் அந்த நீதிபதிகளின் பக்கம்தான் நிற்போம்.

ஆனால் டெக்சஸின் ஃபேர்வியூவில் நடந்தது எனக்கு உறுத்துகிறது. பத்தாயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஊர், குடியிருப்பு மண்டலத்தில் உயர வரம்பு 35 அடி. அதே மார்மன் சபை கேட்டது கிட்டத்தட்ட 174 அடிக் கோபுரம். 2024 ஆகஸ்டில் ஊர்மன்றம் மறுத்தது. அதே ஊரில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்துக்கு 2006-இல் 154 அடி மணிக்கூண்டுக்கு இசைவு கிடைத்ததை சபை எடுத்துக்காட்டியது. அந்தக் கூண்டு கட்டப்படவேயில்லை என்றாலும் வாதத்துக்கு அது போதும். முன்பு கொடுத்த சலுகை ஊரின் கையைக் கட்டியது. வழக்கு வந்தால் வக்கீல் செலவிலேயே ஊர் திவாலாகும் என்ற பேச்சு கூட்டங்களில் வெளிப்படையாகவே நடந்தது. கடைசியில் 2025 ஏப்ரலில் 120 அடிக்கு ஒப்புக்கொண்டார்கள். இங்கே பலவீனமான தரப்பு எது? உலகம் முழுதும் சொத்துள்ள ஒரு சபைக்கும் 75 பேர் கொண்ட குருத்வாராவுக்கும் ஒரே சட்டம் ஒரே கேடயத்தைத் தருகிறது. ஒருவர் கையில் அது கேடயமாகவும் இன்னொருவர் கையில் கதாயுதமாகவும் மாறுவதைச் சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஃபேர்வியூவுக்காக நான் முழுதாகப் பரிதாபப்படவும் முடியவில்லை. 35 அடி வரம்பு போட்டு, பிடித்தவர்களுக்கு விலக்குத் தரும் பழக்கத்தை வைத்திருந்தது ஊர்தானே. வரம்பு என்றால் எல்லோருக்கும் வரம்பு, அல்லது வழிபாட்டுக் கோபுரத்துக்கு இத்தனை அடி என்று தனியே எழுதி வைத்திருக்கவேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில்தான் பேரம் நடக்கிறது.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்று சபைகள் கண்டுபிடித்த குறுக்குவழி, ஏற்கெனவே கூட்டம் கூடிய கட்டடத்தை வாங்குவது. ஹூஸ்டனில் லேக்வுட் சபை 2005-இல் கூடைப்பந்து அரங்கத்துக்கே குடிபோய்விட்டது: 16,000 இருக்கை, பார்க்கிங் கவலை கிடையாது. மண்டலச் சட்டமே இல்லாத பெருநகரம் வேறு. தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணம் நியூயார்க்கின் ஃபிளஷிங்கில் உள்ள மகாவல்லப கணபதி கோயில். ஐ.நா.வில் பணியாற்றிய அழகப்ப அழகப்பன் முன்னின்று நடத்திய அந்த முயற்சியில் பௌன் தெருவில் வாங்கிய மனையில் அதற்கு முன் இருந்தது ஒரு ரஷ்ய மரபுவழித் தேவாலயம். 1977 ஜூலை 4-இல் அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. வழிபாட்டு இடமாக இருந்த இடத்தில் இன்னொரு வழிபாடு வருகிறது என்றால் மறுக்கக் காரணம் தேடுவது கடினம். குடியிருப்புத் தெருவில் நாதஸ்வரமும் தேரும் வருவது அதற்குப் பிறகு வேறு விஷயம். அதை அக்கம்பக்கத்தாரோடு பேசித்தான் தீர்க்கவேண்டும், எந்த அட்டவணையும் உதவாது.

இப்போது திட்டமிடுவோர் நடுவே வலுக்கும் யோசனை, ‘தேவாலயம்’ என்ற வகையையே விதிப்புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டு, ‘கூட்ட இடம்’ என்று ஒரே வகையில் எல்லாவற்றையும் போடுவது. கல்யாண மண்டபம், திரையரங்கு, கிளப், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றுக்கும் இத்தனை பேர் வரை தானாக அனுமதி, அதற்கு மேல் போனால் இன்ன சாலையில்தான் இருக்கவேண்டும், வெளிச்சமும் சத்தமும் எல்லையில் இவ்வளவுதான் என்று எண்ணில் எழுதிவிட்டால், மூன்று நிமிடப் பேச்சுக்கு வேலை குறைகிறது. ஊர்க்காரர்களின் உண்மையான புகாருக்கும் அதில் இடமுண்டு: தெரு குறுகல் என்றால் குறுகலான தெருவில் கல்யாண மண்டபத்துக்கும் அனுமதி கிடையாது. இதை எழுத ஊர்கள் தயங்குகின்றன. எழுதிவிட்டால் பிடித்தவருக்கும் அதே கணக்குத்தான் என்பது காரணம் என்றே நினைக்கிறேன்.

இதற்கிடையே பல நகரங்களில் கேள்வியே திரும்பிவிட்டது. பழைய புரொட்டஸ்டன்ட் சபைகளில் ஆள் குறைந்து, நகர நடுவில் நிலம் கிடக்கிறது. வீட்டு வாடகையோ எகிறி நிற்கிறது. கலிஃபோர்னியா 2020-இல் ஒரு சட்டம் போட்டு, தேவாலயங்கள் தங்கள் பார்க்கிங்கில் பாதிவரை எடுத்துக் குறைந்த வாடகை வீடு கட்டினால் அந்தக் கார் இடங்களை வேறெங்கும் ஈடுகட்ட வேண்டாம் என்றது. 2023-இல் இன்னும் ஒரு படி போய், மத நிறுவனங்களின் நிலத்தில் அப்படிப்பட்ட வீடுகளுக்குத் தானாக அனுமதி கொடுக்கச் சொன்னது. மண்டலம் என்னவாக இருந்தாலும் சரி, கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. அது 2024 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபணைக் கடிதங்களில் இப்போதும் முதல் வரி பார்க்கிங்தான்.